குழந்தையின் கண்ணில் வெண்ணிற மினுக்கம்: விழித்திரைப் புற்றுநோயும் குடும்பத்தின் உரிமைகளும்

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய் சிறு குழந்தைகளுக்கு மட்டுமே என்று சொல்லத்தக்க நோய். விழித்திரை உருவாகும் பருவத்தில் அதன் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அந்தப் பெருக்கம் கட்டுக்கு அடங்காமல் போனால் கட்டி தோன்றுகிறது. ஐந்து வயதுக்குள் அந்தச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுவதால், அதற்குப் பிறகு இந்நோய் வருவது அபூர்வம். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இதற்கு ஆளாகிறது. பிறப்பு எண்ணிக்கை அதிகம் என்பதால், வேறெந்த நாட்டையும்விட இந்தியாவில்தான் இந்நோயுள்ள குழந்தைகள் அதிகம்.

வளர்ந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் உயிர் பிழைக்கின்றன. ஏழை நாடுகளில் நிலைமை அப்படி இல்லை. மருந்தும் கருவியும் இல்லாதது ஒரு காரணம் என்றாலும், கட்டி கண்ணை விட்டு வெளியேறிய பிறகே குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேர்வதுதான் பெரிய காரணம்.

முதல் அறிகுறியைப் பெரும்பாலும் தாயோ பாட்டியோதான் கவனிக்கிறார்கள். விளக்கொளி படும்போது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னும். ‘பூனைக்கண் மாதிரி இருக்கிறது’ என்பார்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுவதும் இதே அறிகுறிதான். சிவப்பைத் தானாகவே நீக்கிவிடும் கைபேசிகளில் இந்த வேறுபாடு மறைந்துபோகக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது அறிகுறி மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னும் உண்டு; அந்த நம்பிக்கையால் இழந்த மாதங்களுக்குக் கணக்கில்லை. கண் சிவப்பது, வீங்குவது, வெளியே துருத்துவது ஆகியவை தாமதமாகத் தெரியும் அடையாளங்கள்.

வெள்ளை மினுக்கம் எல்லாமே புற்றுநோய் அல்ல. பிறவிக் கண்புரை, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைக் கோளாறு போன்றவற்றிலும் அது தெரியும். சில வேளை படம் எடுத்த கோணத்தாலும் அப்படி விழும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து இன்னதென்று தீர்மானிக்க வழியில்லை. அந்தக் கோளாறுகளுக்கும் உடனடிச் சிகிச்சை தேவை. கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்திட்டு, கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால்தான் தெரியும். இது சில நாட்களுக்குள் நடக்க வேண்டும். தாய்ப்பால் விடுவது, மூலிகைச் சாறு ஊற்றுவது, ‘பெரியவனானால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது எல்லாம், கட்டி பார்வை நரம்பின் வழியே மூளையை நோக்கி நகரத் தரும் அவகாசமே.

இந்த நோய்க்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் கிடைத்ததற்கு ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் காரணம். 1922-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தபின் கால்டெக்கில் ஆய்வுப் பட்டமும் பெற்றவர். ஒரு கேள்வி அவரைத் தொடர்ந்தது. சில குழந்தைகளுக்கு இரண்டு கண்களிலும், மிக இளம் வயதிலேயே கட்டிகள் வருகின்றன. வேறு சிலருக்கு ஒரே கண்ணில், சற்றுத் தாமதமாக, ஒரே ஒரு கட்டி வருகிறது. நோய் ஒன்று, போக்கு ஏன் இரண்டு?

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அங்கிருந்த 48 குழந்தைகளின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். நுண்ணோக்கியோ சோதனைக்குழாயோ அந்த ஆய்வில் இல்லை. எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது, எத்தனை கட்டிகள் என்ற விவரங்களை வரைபடமாக்கினார். இரு கண்களிலும் நோய் வந்தவர்களின் கோடு, ஒரே ஒரு நிகழ்வு நடந்தாலே கட்டி தோன்றும் என்ற கணக்கோடு பொருந்தியது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடோ இரண்டு நிகழ்வுகள் தேவை என்று காட்டியது. 1971-இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு இதுதான்: கட்டி உருவாக எப்போதும் இரண்டு அடிகள் வேண்டும். சில குழந்தைகள் முதல் அடியைப் பிறவியிலேயே உடலின் எல்லாச் செல்களிலும் சுமந்து வருகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது அடி ஒன்றே போதும். மற்றவர்களுக்கு இரண்டு அடிகளும் ஒரே விழித்திரைச் செல்லில் தற்செயலாக விழ வேண்டியிருக்கிறது.

‘இரட்டை அடிக் கருதுகோள்’ என்று பெயர்பெற்ற இதை 1986-இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. 13-ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்.பி.1 என்ற மரபணு அந்த ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. செல் பெருகுவதற்குப் பிரேக் போடுவது அதன் வேலை. ஒவ்வொரு செல்லிலும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் பழுதானால்தான் கட்டி வரும். புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் என்று ஒரு வகை உண்டு என்பதற்கு முதல் நேரடிச் சான்றாக அமைந்தது இதுவே. பின்னர் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டியான வில்ம்ஸ் கட்டிக்கும், நரம்புத் திசுக் கட்டியான நியூரோபிளாஸ்டோமாவுக்கும் லூயிஸ் ஸ்ட்ராங் என்பவருடன் சேர்ந்து நட்சன் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். 1998-இல் லாஸ்கர் விருதும் 2004-இல் கியோட்டோ பரிசும் அவருக்குக் கிடைத்தன. 2016-இல் காலமானார்.

நட்சனின் கணக்கு ஆய்வேட்டோடு நின்றுவிடவில்லை. ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் அந்தக் குடும்பத்தில் வேறு யாருடைய கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பிறவிப் பழுது உள்ளவர்கள். இரு கண்களிலும் நோய் வந்தவர்கள் எல்லோரும் இந்த வகை. ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிலும் ஏழில் ஒருவர் அளவுக்கு இந்த வகை உண்டு. பிறவிப் பழுது உள்ள ஒருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைப் பெறும் வாய்ப்பு சரிபாதி. ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது’ என்று பெற்றோர் சொல்வது இங்கே செல்லாது. பிறவிப் பழுதுகளில் பெரும்பாலானவை அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியவை.

மரபணுச் சோதனை இந்த இடத்தில்தான் உதவுகிறது. இரு கண் நோய் என்றால் குழந்தையின் இரத்தத்திலேயே பழுதைத் தேடலாம். ஒரு கண் நோயில், அகற்றிய கண்ணின் கட்டியில் முதலில் இரண்டு பழுதுகளையும் கண்டுபிடித்து, பிறகு அவற்றில் ஏதாவது இரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பது நம்பகமான வழி. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கட்டியின் ஒரு பகுதியைச் சோதனைக்காகப் பாதுகாத்து வைக்குமாறு பெற்றோர் கேட்க வேண்டும். பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், தம்பி தங்கைகளின் இரத்தத்தில் அது இல்லை என்று உறுதிசெய்யலாம். அப்போது, சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்கும் தொல்லை அவர்களுக்கு இல்லாமல் போகும்.

பிறவிப் பழுது உள்ளவர்களுக்குக் கண் நோய் தீர்ந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. எலும்பிலும் மென்திசுக்களிலும் தோலிலும் வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு ஆயுள் முழுவதும் இருக்கிறது. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால் அது கூடுகிறது. ஒரு காலத்தில் வழக்கமாக இருந்த அந்தச் சிகிச்சையை மருத்துவர்கள் இப்போது இயன்றவரை தவிர்ப்பதும், சி.டி. ஸ்கேனுக்குப் பதில் எம்.ஆர்.ஐ. கேட்பதும் அதனால்தான். வளர்ந்த பிறகு கால் வலி என்று ஒருவர் போனாலும், சிறுவயதில் கண்ணில் இருந்த நோயை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை கட்டியின் அளவைப் பொறுத்தது. சிறியதை லேசராலோ உறைய வைத்தோ அழிக்கலாம். கீமோதெரபியை இரத்தக் குழாய் வழியாகவோ, கண்ணுக்குச் செல்லும் தமனிக்குள் நேரடியாகவோ, கண்ணுக்குள் ஊசியாகவோ தருகிறார்கள். கண்ணின் வெளிச்சுவரில் கதிரியக்கத் தகடு பொருத்துவதும் உண்டு. முதல் நோக்கம் உயிர், அடுத்தது கண், அதற்கும் அடுத்ததுதான் பார்வை. கட்டி கண்ணை நிறைத்திருந்தால் கண்ணை அகற்றுவதே பாதுகாப்பு. பல குடும்பங்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். அதிலும் பெண் குழந்தை என்றால் திருமணப் பேச்சு அப்போதே தொடங்கிவிடுகிறது. கண் இருந்த இடத்தில் உருண்டை பதித்து, சில வாரங்களில் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். பார்ப்பவர்களுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. மறுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கண் வெளியே துருத்திய நிலையில் திரும்பி வரும் குழந்தைக்குக் கண்ணோடு உயிரும் போகும் அபாயம் இருக்கிறது.

சம்மதக் கையெழுத்துப் போடும் முன், மாற்று வழிகள் என்ன, ஒவ்வொன்றின் செலவு என்ன, ஆபத்து என்ன என்று புரியும் மொழியில் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உரிமைதான். ஆனால் அதை வாரங்களில் அல்ல, நாட்களில் முடித்துவிட வேண்டும். அகற்றிய கண்ணின் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பக்கூடாது. பார்வை நரம்பின் வெட்டுமுனையில் நோய் இருக்கிறதா என்பதை வைத்தே மேற்கொண்டு கீமோ தேவையா என்று முடிவாகும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. உரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரபணு நோய் என்ற காரணத்தை மட்டும் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

இரண்டு கண்களும் பாதிக்கப்பட்டால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால், மத்திய அரசின் அளவீடு அதை 30 விழுக்காடு குறைபாடு என்கிறது. சலுகைகளுக்கு வேண்டிய வரம்போ 40. ஒரே கண்ணோடு வளரும் குழந்தையின் தேவையை இந்தக் கணக்கு பார்க்கத் தவறுகிறது. எப்படியானாலும், மிஞ்சிய கண்ணைக் காக்க, உடையாத கண்ணாடி எப்போதும் அணிவிக்க வேண்டும்.

அலட்சியத்தால் கண் போனால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யுமாறு பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வை இழந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. அங்கே நோய் வேறு. ஆனால் பார்க்க வேண்டிய கண்ணைப் பார்க்காமல் விடுவதும் மருத்துவ அலட்சியமே என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியானது.

சிறுவயதில் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்று, இப்போது திருமண வயதில் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் குழந்தை பெறுவதற்கு முன்பே மரபணு ஆலோசனை பெற வேண்டும். அது இயலாமல் போனாலும், பிறக்கும் குழந்தையின் விழித்திரையை முதல் வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.