பெரும்பாடும் சீன மருத்துவமும்

பெண்களுக்குக் காலம் தவறியோ, அளவுக்கு மீறியோ, நிற்காமலோ ஏற்படும் உதிரப்போக்கைச் சீன மருத்துவம் ‘பெங்லோவ்’ என்று ஒரே நோயாகக் கொள்கிறது. திடீரென்று மடை திறந்தாற்போல் கொட்டுவதும், நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிவதும் இதில் அடங்கும். கொட்டி ஓய்ந்தபின் கசிவு தொடரலாம். கவனிக்காமல் விட்ட கசிவு ஒருநாள் பெருக்கெடுக்கலாம். அதனால் இரண்டையும் தனித்தனி நோய்களாகப் பிரிப்பதில்லை.

கருப்பையோடு தொடர்புடையவையாகச் சொல்லப்படும் சோங், ரென் என்னும் நாளங்கள் குருதியைக் கட்டுக்குள் வைக்கும் ஆற்றலை இழப்பதே நோயின் அடிப்படை. அதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. மண்ணீரல் தளர்ந்தால் குருதி வெளிறி, நீர்த்துப் போகும். களைப்பும் முகச்சோர்வும் சேரும். உடற்சூடு மிகுந்தால் குருதி கெட்டியாகச் சிவந்திருக்கும். நாக்கு சிவக்கும், நாடி விரையும். குருதி தேங்கினால் கட்டிகட்டியாக வெளியேறும். கட்டி விழுந்ததும் வலி தணியும். பூப்பெய்திய புதிதிலும் மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் வருவது பெரும்பாலும் சிறுநீரகத் தளர்ச்சி. இங்கே மண்ணீரல், சிறுநீரகம் என்பவை உடற்கூற்றியல் காட்டும் உறுப்புகள் மட்டுமல்ல, உடலின் செயல்களைத் தொகுத்துச் சுட்டும் பெயர்கள்.

ஆகவே ஒரே நோய்க்கு ஆளுக்கு ஆள் மருந்து மாறும். ஆனால் சிகிச்சையின் வரிசை மாறாது. 16ஆம் நூற்றாண்டில் மிங் அரசமரபுக் காலத்து மருத்துவர் ஃபாங் குவாங் அதை மூன்று படிகளாக வகுத்தார்: முதலில் போக்கை நிறுத்துவது, அடுத்து மூலத்தைச் சரிசெய்வது, இறுதியில் இழந்த குருதியை மீட்பது. மூன்றாம் படிதான் இம்முறையின் சிறப்பு. உதிரம் நின்றதும் நோய் தீர்ந்ததென விட்டுவிடாமல், குருதிச்சோகையோடு நடமாடும் பெண்ணையும் அது கணக்கில் எடுக்கிறது.

இந்நோய்க்குப் பழஞ்சீன மருத்துவர் ஜாங் சோங்ஜிங் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த கஷாயம் இன்றும் வழக்கில் உள்ளது. மாசிபத்திரி இனத்து இலை, அதிமதுரம், டாங்குய் வேர் முதலியவற்றோடு கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையும் அதில் சேரும். அந்தப் பசைக்கான தேவை ஆப்பிரிக்கக் கழுதைகளையே அருகச் செய்ததால், 2024இல் ஆப்பிரிக்க ஒன்றியம் கழுதைத் தோல் வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுத்தது. டாங்குய் வேருக்கும் எச்சரிக்கை உண்டு: குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு அது உதிரப்போக்கை மேலும் கூட்டக்கூடும்.

இம்மருந்துகள் பற்றிய ஆய்வுகள் பல சிறியவை. உறுதியான முடிவுக்குப் போதாதவை. நாடியும் நாக்கும் நார்த்திசுக்கட்டியையோ புற்றுநோயையோ காட்டித் தருவதில்லை. சீன மருத்துவமனைகளிலேயே இன்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் கஷாயத்தோடு சேர்ந்தே நடக்கின்றன. மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும், எந்த மருந்துக்கும் முன் கருப்பை உட்சவ்வைப் பரிசோதித்தாக வேண்டும்.