கூச்சத்தை வெல்லும் வழி

மதுரை மாநகரில் வையையின் தென்கரையை அடுத்துச் சிம்மக்கல் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள மாவட்ட மைய நூலகத்தில் இளைஞர் பலர் அமர்ந்து ஆழ்ந்து பயில்வர். ஆயினும், நன்கு கற்றவருள்ளும் சிலர், தாம் மேற்கொள்ளவிருக்கும் தொழிலில் மூத்த ஒருவரைக் கண்டு பேச நேரின், நாவெழாது தயங்கி நிற்பர். தொழிலில் மேம்பட விரும்புவார்க்கு நூலறிவோடு, அத்தொழிலில் ஈடுபட்டோரின் பழக்கமும் வேண்டும். அதற்குத் தடையாய் நிற்பது கூச்சம். திருவள்ளுவரும் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

புதியவரைக் காணுங்கால் நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், நா வறள்வதும் ஏன்? அச்சம் தோன்றியதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பு நீரைக் குருதியிற் கலக்கின்றன. அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது. இடர் வந்துற்றபோது ஓடவோ எதிர்க்கவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறையே இது. ஆகவே, இஃது இழிவும் அன்று. அறிவுக் குறைவும் அன்று. அஞ்சிய செயலையே பன்முறை செய்து பழகின், இப்படபடப்பு சிறிது சிறிதாகத் தணியும்.

சிம்மக்கல்லிலிருந்து வையையைக் கடந்து வடகரை சென்றால் தமுக்கத்தை அடையலாம். அங்கே, இராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகம் உள்ளது. மக்கட்பெருங்கூட்டத்தைத் தம் சொல்லால் வழிநடத்திய அப்பெரியார் இளமையில் மிகுந்த கூச்சம் உடையவராய் இருந்தார் என்பது அங்குச் செல்வோர்க்கு வியப்பளிக்கும்.

இலண்டனில் சட்டம் பயின்றபோது காந்தியடிகள் புலால் உண்ணாதார் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றிருந்தார். ஆயினும், கூட்டங்களில் வாய் திறவார். ஒருமுறை தம் கருத்தைத் தாளில் எழுதிச் சென்றார். அதனையும் படிக்க இயலாமையால் மற்றொருவர் படித்தார். 1891-இல் பாரிஸ்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். பம்பாயிலே ஒரு சிறு வழக்கில் எதிர்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது; ஒரு வினாவும் தோன்றவில்லை. தம்மால் இயலாது என்று கூறி, பெற்ற 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

1893-ஆம் ஆண்டு ஒரு வணிக நிறுவனத்தின் வழக்கிற்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். அப்போது அவருக்கு வயது 23. பிரிட்டோரியா நகரம் அவருக்கு முற்றும் புதிது. அங்கு வாழும் இந்தியர் அனைவரையும் அறிந்து, அவர்தம் இன்னல்களை உணர விரும்பினார். வந்த முதல் வாரத்திலேயே தயப் சேட்டு என்னும் வணிகரை நாடிச் சென்று உதவி வேண்டினார். அவரோ, காந்தியடிகள் நடத்தவந்த வழக்கின் எதிர்தரப்பினர்! எனினும், மகிழ்ந்து உதவினார்.

அந்நகர இந்தியர்கள் ஒரு வணிகர் இல்லத்திற் கூடினர். ‘வாணிகத்தில் வாய்மை’ என்னும் பொருளை முன்னரே நன்கு ஆராய்ந்து வந்திருந்த காந்தியடிகள் அங்கே பேசினார். அதுவே தம் வாழ்வின் முதற் பொதுச்சொற்பொழிவு எனப் பின்னாளில் அவர் குறித்தார். பேச்சோடு நில்லாமல், ஆங்கிலம் கற்க விரும்புவார்க்குத் தாமே கற்பிப்பதாகவும் கூறினார். நாவிதர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர் ஆகிய மூவர் இசைந்தனர். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில், அவர்கள் இருக்குமிடம் சென்றே கற்பித்தார். நாளடைவில் அந்நகரில் அவர் அறியாத இந்தியர் எவரும் இலர் என்னும் நிலை உண்டாயிற்று. மறு ஆண்டே, 1894-இல், நேட்டால் இந்தியக் காங்கிரசை அவர் நிறுவினார்.

பம்பாயில் நடுங்கியவர் பிரிட்டோரியாவில் பேசியது எங்ஙனம்? கூச்சமுடையவன், ‘பிறர் என்னைப் பற்றி யாது நினைப்பர்?’ என்றே எண்ணுகிறான். காந்தியடிகளோ, ‘இவர்களுக்கு என்னால் ஆவது யாது?’ என்று எண்ணினார். எண்ணம் தம்மை விட்டுப் பிறர்பாற் செல்லவே, அச்சமும் தளர்ந்தது. சொல்லவேண்டியதை முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தமை அவருக்குத் துணிவு தந்தது. பெருங்கூட்டத்தை மட்டும் நாடாது, ஒருவரிடம் தொடங்கி மூவரோடு பழகியமை அத்துணிவை வளர்த்தது.

பள்ளியை விட்டு நீங்கித் தொழிலிற் புகும் மாணவர்கள் இவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. மூத்தவர் ஒருவரைக் காணச் செல்லும்முன், கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டினை எண்ணிச் செல்லலாம். தம் பெயரையும் வந்த நோக்கத்தையும் தெளிவாகக் கூறலாம். தம்மால் இயன்ற சிறு உதவியைச் செய்ய முன்வரலாம். முதல்முறை நா குழறினும் இழப்பொன்றுமில்லை. 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறிய அந்நாளோடு காந்தியடிகளின் வாழ்வு முடிந்துவிடவில்லை அன்றோ?