ஆங்கில வகுப்பும் சொல்வன்மையும்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலம் எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்ற வினாவுக்குப் பொதுவாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. வேலைவாய்ப்புக்கு அது துணை செய்யும் என்பது ஒன்று. உயர்கல்வி நூல்களைப் பயில உதவும் என்பது மற்றொன்று. அதிகம் பேசப்படாத மூன்றாவது பயனும் உண்டு. பிறர் தம்மை எவ்வாறு இணங்கச் செய்கின்றனர் என்பதை அறியவும், தாம் கருதுவதைப் பிறர் ஏற்குமாறு நேர்மையாக எடுத்துரைக்கவும் மாணவர் பயிற்சி பெறுவதே அது. கடன் விளம்பரம், தேர்தல் வாக்குறுதி, கைப்பேசியில் வந்து சேரும் செய்தி ஆகிய யாவும் மக்களின் இசைவை நாடி நிற்கும் இந்நாளில், இப்பயன் முதலிரண்டுக்கும் குறைந்ததன்று. வகுப்பறையில் இதனை எய்தும் வழி குறித்துப் பெங்களூரு நகரின் அனுபவம் சில தெளிவுகளைத் தருகிறது.

பெங்களூருத் திட்டம்

தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக 1963ஆம் ஆண்டில் பெங்களூரில் மண்டல ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கற்பிக்கும் முறையே அக்காலத்தில் வழக்கில் இருந்தது. பயின்ற வாக்கியங்களைப் பிழையின்றிச் சொன்ன மாணவரும், தாமாக ஒரு கருத்தைக் கூற நேர்ந்தபோது தடுமாறினர். இக்குறையை ஆராய்ந்த என். எஸ். பிரபு, இந்நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் புதிய முறையொன்றைச் சோதித்துப் பார்த்தார். ‘பெங்களூருத் திட்டம்’ என்று உலகெங்கும் மொழியாசிரியர்களிடையே அறியப்படுவது இதுவே.

இம்முறையில் இலக்கண விதிகள் முன்கூட்டி விளக்கப்படவில்லை. புகைவண்டிக் கால அட்டவணையைக் கொண்டு பயணத்தைத் திட்டமிடுவது போன்ற பணிகள் மாணவருக்குத் தரப்பட்டன. கருத்து பொருளின்மீது செல்லும்போது மொழி தானே படியும் என்பது இதன் அடிப்படை. இப்பணிகளைப் பிரபு மூவகைப்படுத்தினார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவரிடம் சேர்ப்பது முதல் வகை. கிடைத்த தகவலிலிருந்து காரணம் கண்டு முடிவுக்கு வருவது இரண்டாம் வகை. தம் கருத்தைக் கூறி அதற்கு ஆதாரம் காட்டுவது மூன்றாம் வகை. தொடக்கநிலை மாணவருக்கு இரண்டாம் வகையே மிகவும் பொருந்தியது. மூன்றாம் வகையில் ‘இதுவே சரியான விடை’ என்று ஒன்று இல்லாமையால், அது முதிர்ந்த மாணவருக்கே உரியது. கல்லூரி ஆங்கில வகுப்பு தன் பணியைத் தொடங்க வேண்டிய இடம் இந்த மூன்றாம் வகைதான்.

இணங்கச் செய்யும் மூன்று வழிகள்

மூன்றாம் வகைப் பணிக்கு ஒழுங்கு தருவது, ஆங்கிலத்தில் ரெட்டரிக் எனப்படும் சொல்வன்மைக் கலையாகும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கேட்போரை இணங்கச் செய்யும் வழிகள் மூன்று என வகுத்தார். பேசுவோரிடம் கேட்போர் கொள்ளும் நம்பிக்கை, கேட்போரின் மனத்தில் எழுப்பப்படும் உணர்ச்சி, பேச்சிலுள்ள தருக்கம் என்பன அவை. இவற்றுள் எதுவும் தன்னளவில் தீயதன்று. ஒன்றின் குறையை மறைக்க மற்றொன்றைப் பயன்படுத்தும்போதே தீமை நேர்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு பயிற்சியைக் கருதலாம். பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009ஆம் ஆண்டில் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. மழைநீர்த் தொட்டி கட்டத் தயங்கும் வீட்டு உரிமையாளர் ஒருவருக்கு மாணவர் கடிதம் எழுத வேண்டும். பின்னர் ஒருவர் கடிதத்தை மற்றவர் ஆராய வேண்டும். எந்த வாக்கியம் உண்மைச் செய்தி, எது அதிலிருந்து பெறப்பட்ட முடிவு, எது அச்சத்தை மட்டும் எழுப்புகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். தொட்டி கட்டும் செலவும் பராமரிப்பும் கடிதத்தில் சொல்லப்படாது விடப்பட்டனவா என்பதும் வினவப்பட வேண்டும். இறுதியில் அதே மாணவர் உரிமையாளரின் நிலையில் நின்று மறுப்பு எழுத வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையுடன் எழுத அறிந்தவரே தம் வாதத்தின் வலுவின்மையையும் உணர்வர்.

நம் மரபில் உள்ளவை

கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரே வகுப்பில் அமர்வது பெங்களூரில் இயல்பு. இவர்களுக்குச் சொல்வன்மை மேலைநாட்டிலிருந்து வந்த புதிய சரக்கன்று. வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவி, ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் கவிராசமார்க்கம் கன்னடத்தில் தோன்றியது. பெங்களூரின் நிருபதுங்கா சாலை அம்மன்னன் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழில் தண்டியலங்காரம் அதே மூலநூலின் வழிவந்தது. போலி வாதங்களை வகைப்படுத்தும் தருக்கப் பகுதி மணிமேகலையில் இடம்பெற்றுள்ளது. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் அமைச்சியலில் வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. சொல்லும் திறன் ஆட்சிப் பொறுப்பின் ஒரு கூறு என்பதே அதன் உட்பொருள்.

ஆங்கில வகுப்பில் பெற்றதைத் தாய்மொழிக்குத் திருப்பித் தந்தோரும் இங்கு உளர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பயின்ற இராஜாஜி பின்னாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிந்த நடைக்குப் பெயர்பெற்றார். ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய பி. எம். ஸ்ரீகண்டய்யா, ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடத்துக்குக் கொணர்ந்து புதுக்கவிதை மலர வழிவகுத்தார்.

சமவாய்ப்பின் தேவை

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் குடும்பத்து மாணவர் வாதிடும் திறனை உணவு மேசையிலேயே ஓரளவு பெற்றுவிடுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு வகுப்பறை ஒன்றே வாயில். அவ்வகுப்பும் பாடச் சுருக்கத்தை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடுமாயின், பட்டம் பெற்ற பின்னரும் நேர்முகத் தேர்விலும் அலுவலகக் குறிப்பிலும் அவர் பின்தங்குவார். பிறர் சொல்லுக்கு எளிதில் இரையாகவும் கூடும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செய்தித்தாள் தலையங்கம், அரசு அறிவிக்கை, விளம்பரம் ஆகியவை போதிய பாடப்பொருள். ஆனால் தேர்வுமுறை மாறாமல் கற்பித்தல் மாறாது. முன்பின் படித்திராத ஒரு பகுதியைத் தந்து, அதன் வாதத்தை எடைபோடச் சொல்லும் வினா ஒன்றேனும் ஒவ்வொரு வினாத்தாளிலும் இடம்பெற வேண்டும். மாணவரின் முடிவுக்கன்றி, அவர் காட்டும் காரணங்களுக்கே மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். மக்களாட்சி மக்களின் இசைவால் நடைபெறுவது. அவ்விசைவு ஆராய்ந்து அளிக்கப்பட்டதாக இருப்பதற்கு மொழி வகுப்பு ஆற்றக்கூடிய தொண்டு சிறிதன்று.