நீதிபதி சொல்லாத ஐந்து வருஷம்

நியூயார்க்கில் வீடு புகுந்து திருட முயன்ற வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு நீதிபதி 6 வருஷம் சிறை என்றார், அவ்வளவுதான். விடுதலைக்குப் பிறகு 5 வருஷக் கண்காணிப்பு என்று சிறைத்துறை தானாகவே சேர்த்துவிட்டது. நிபந்தனையை மீறினால் திரும்ப உள்ளே போகணும்!

சிறைத்துறையின் வாதம்: 1998 சட்டப்படி இந்தக் கண்காணிப்பு கட்டாயம். புரோகிராம் எழுதுகிற எனக்கும் முதலில் அது நியாயமாகவே பட்டது. டீஃபால்ட் மதிப்புதானே, யார் நிரப்பினால் என்ன?

2006-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'செல்லாது' என்றது. ஆதாரம், 1936-ன் வாம்ப்ளர் தீர்ப்பு. அதில் வரி ஏய்ப்புக்கு 18 மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம். 'அபராதம் கட்டும்வரை சிறை' என்று சிறைக்குப் போகும் உத்தரவில் கோர்ட் குமாஸ்தா ஒரு வரி சேர்த்துவிட்டார். நீதிமன்றப் பதிவேட்டில் உள்ளதுதான் தண்டனை என்றார் நீதிபதி கார்டோசோ.

2008-ல் நியூயார்க்கின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே சொன்னது. விடுபட்டிருந்தால் வழக்கு திரும்ப நீதிபதியிடமே போகணும். அவர் அதே 5 வருஷத்தைக் கொடுக்கலாம். ஆனால் அவர் முன்னால் நம் வக்கீல் பேசலாம். குமாஸ்தாவின் பேனாவிடம் யார் வாதாடுவது?