திடலோரத்து மேளம்



ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நேரம். பெர்னாம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசும். திடலில் நம் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் காற்பந்து ஆட்டம். அடுப்பு வேலையை விட்டு வர முடியாத பெண்கள் லயத்து வாசலில் நின்றபடியே ஆட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். மேளம் ஒரே சீராக நடந்தால் பந்து நடுத்திடலில் இருக்கிறது. அடி நெருங்கினால் நம் பையன்கள் எதிரியின் கோலை நெருங்குகிறார்கள். சட்டென்று நின்றுபோனால் நம் வலைக்குள் பந்து விழுந்துவிட்டது என்று பொருள்.

அந்த மேளக்காரர்கள் யார்? கோயில் திருவிழாவிலும் தைப்பூசத்திலும் வாசிக்கும் அதே இளைஞர்கள்தாம். காலையில் செம்பனைக் குலை வெட்டிய கை, மாலையில் குச்சி பிடிக்கும். கூலி கிடையாது, ஆட்டம் முடிந்ததும் ஒரு குவளை தேநீர், அவ்வளவே.

அவர்களுடைய கருவிகளில் தலையாயது உறுமி. இது இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். மறு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். தேய்க்கும்போது எழும் முனகல் ஒலிதான் அதற்குப் பெயர் தந்தது. பம்பையும் தவிலும் உடன் சேரும். பறையும் இருந்தால், ஆட்டம் தொடங்குமுன் திடலோரத்தில் காய்ந்த மட்டையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஆற்றோரத்து ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, அடி மந்தமாகிவிடும் என்பதே காரணம். இக்காலத்தில் செயற்கைத் தோல் வந்துவிட்டதால் அந்த வேலை குறைந்துவிட்டது. ஒலியும் சற்று மாறிவிட்டது. எனக்கென்னவோ பழைய தோலின் ஆழம் அதில் இல்லை.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஓர் எதிர்ப்பும் இருந்தது. கோயில் பூசை பார்த்து வந்த பெரியவர் ஒருவர், நாங்கள் எல்லாரும் தாத்தா என்றழைப்பவர், உறுமியைப் பந்தாட்டத்துக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சாமியை வரவழைக்கும் கருவியை ஒரு பந்துக்காக அடிப்பதா என்பது அவர் கேள்வி. அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எந்த ஒலி எந்த இடத்துக்கு உரியது என்ற ஒழுங்கு அவர்களுடைய வாழ்க்கையில் பெரிய செய்தி. முடிவில் ஓர் ஏற்பாடு வந்தது: உறுமி கோயிலில் இருக்கட்டும், மற்றவை திடலுக்குப் போகலாம்.

இனி, மேளம் கூட்டத்தை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்று பார்ப்போம். ஆயிரம் பேர் தாமாகக் கைதட்டினால் அது மழைச் சத்தம் போலச் சிதறும். மேளம் அடி எடுத்துக் கொடுத்தால் அந்த ஆயிரமும் ஒரே கையாகிவிடும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு நம் அடி கேட்க விநாடியில் பத்தில் மூன்று பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை விநாடி. ஆகவே எதிர்ப்பக்கத்துக்காரர் காதால் கேட்டுத் தட்டினால் பாதி அடிக்கு மேல் பின்தங்கிவிடுவார். அவர் தட்டும் ஒலி நமக்குத் திரும்பி வருவதற்குள் தாளமே குழம்பிப்போகும்.

அனுபவசாலிகள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆதரவாளர்கள் ஒரே பக்கமாக நிற்க, மேளம் அவர்கள் நடுவில் நிற்கும். மேளக்காரர் ஒருவர் குச்சியைத் தலைக்கு மேல் ஓங்கி அடிப்பார். தூரத்தில் இருப்பவர் காதை நம்பாமல் அந்தக் கையைப் பார்த்துத் தட்ட வேண்டும். திருவிழாவில் அடிக்கும் விரைவு அடியும் இங்கே உதவாது. கூட்டம் பெருகப் பெருக அடி நிதானமாக வேண்டும்.

ஓர் அணிக்கென்றே மேளம் கட்டிக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் பள்ளி ஆட்டங்களுக்குப் ‘பப்பரே’ வாத்தியம் இல்லாவிட்டால் களை கட்டாது. எக்காளமும் முரசும் தாளமும் சேர்ந்த இசை அது. எக்காளத்தின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. கிரிக்கெட்டில்தான் அதன் புகழ் மிகுதி.

ஆனால் காற்பந்துக் கழகத்துக்கென எழுந்த இசைக்குழு என்றால் பிரேசில் நாட்டைத்தான் சொல்ல வேண்டும். ரியோ டி ஜெனிரோ நகரின் ஃபிளமெங்கோ கழகத்துக்காக 1942-ஆம் ஆண்டில் ஜைமே டி கார்வால்யோ என்ற அரசு ஊழியர் ஒரு குழுவைத் திரட்டினார். எக்காளங்களும் முரசுகளும் கொண்ட குழு. வாசித்தவர்கள் பெரும் வித்துவான்கள் அல்லர். அக்காலத்தில் ஆரி பரோசோ என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர் வானொலியில் காற்பந்து வருணனையும் செய்து வந்தார். கோல் விழுந்தால் அவர் கூவ மாட்டார். வாயிசைக் கருவி ஒன்றை ஊதுவார். அவரும் ஃபிளமெங்கோ பக்தர்தான். என்றாலும் இந்தக் குழுவின் இசையைக் கேட்டுவிட்டு, இது இசைக்குழுவன்று, வெறும் ‘சரங்கா’ என்று கேலி செய்தார். சுருதி சேராத தெருவாத்தியம் என்று பொருள் கொள்ளலாம். ஜைமே கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்!

சரங்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. அணி மோசமாக ஆடினாலும் ஏசக் கூடாது; வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். இளைஞர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தோற்கும் அணியைத் தட்டிக்கேட்கும் உரிமை வேண்டும் என்று 1967-இல் தனிக் குழு அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காசு கொடுத்து உள்ளே வருபவனுக்கு வாய் இருக்கத்தானே செய்யும்? ஆனால் மேளக்காரனுக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்டால், நான் ஜைமேயின் பக்கம்தான்.

நம் மாநிலத்துக்கு வருவோம். மலேசியக் கிண்ணத்தைப் பேராக் 1957-இலும் 1970-இலும் வென்றது. அண்மையில் 2018-இல், ஷா ஆலாமில், திரெங்கானுவைப் பினால்டி உதைகளில் வீழ்த்தி வென்றது. ஆனால் 2025–26 பருவத்தில் பேராக் கழகம் லீக்கில் இல்லை. கழகம் இருந்தால்தானே மேளம் என்று நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். தோட்டங்களிலும் மக்கள் குறைந்துவிட்டார்கள். திடல் இருக்கும் இடத்தில் பதினொருவர் கிடைப்பதில்லை. பதினொருவர் கிடைக்கும் பட்டணத்துத் தாமானில் மேளம் அடித்தால் அண்டை வீட்டார் முறையிடுகிறார்கள்.

முடிக்குமுன் ஒன்று. நான் சொன்ன அந்தத் தாத்தா ஒரு மாலை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அணி நான்கு கோல் வாங்கி நின்றது. நாங்கள் வாடிப்போய் மேளத்தைக் கீழே வைத்துவிட்டோம். சத்தம் நின்றதைக் கேட்டு அவர் தடியை ஊன்றிக்கொண்டு திடலுக்கே வந்துவிட்டார். பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன்டா உட்கார்ந்துவிட்டீர்கள் என்று ஒரு அதட்டல். தவிலை எடுக்கச் சொல்லி, அடி இப்படி என்று கையைத் தட்டிக் காட்டினார். கடைசி ஊதல் வரைக்கும் விடாமல் அடித்தோம். ஐந்தாவது கோலும் விழுந்தது, மேளம் நிற்கவில்லை.

லயத்தில் இருந்த பெண்கள் அந்த விடாத அடியைக் கேட்டு நாங்கள்தான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, பெரிய அண்டாவில் தேநீர் போட்டு வைத்திருந்தார்கள். குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னோம்.