தொப்புள்கொடி விழுந்த பின்னும் இரத்தம் கசிந்தால்

பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழும்போது ஓரிரு சொட்டு இரத்தம் தென்படுவது இயல்பே. ஆனால், அது நிற்காமல் நாள்கணக்கில் கசியுமாயின் பெற்றோர் அதை அற்பமாக எண்ணலாகாது. 'பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைபாடு' என்னும் பரம்பரை நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுவே. ஏறத்தாழ இருபது இலட்சம் பேரில் ஒருவருக்கே வரும் இந்நோயை 1960-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தனர்.

இரத்தம் உறைவதற்குப் பல காரணிகள் வேண்டும். எட்டாம் காரணி குறைந்தால் வருவது ஹீமோபீலியா. அது பெரும்பாலும் ஆண்மக்களையே வருத்தும். பதின்மூன்றாம் காரணிக் குறைவோ ஆண், பெண் இருபாலார்க்கும் வரும். உறைந்த இரத்த இழைகளைப் பிணைத்து இறுக்குவதே இக்காரணியின் பணி. மலைச்சரிவில் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர் முதல் மழையிலேயே சரிவதுபோல, இது இல்லாதபோது நின்ற இரத்தம் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து மீண்டும் வழியும். வழக்கமான உறைதல் சோதனைகளில் குறை புலப்படாது. ஆகவே, "சோதனை சரியாக இருக்கிறது" என்று கேட்டதும் மனம் ஆறிவிடாமல், இக்காரணிக்குரிய தனிச் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களில் இரத்தநோய்களுக்கெனத் தனிப்பிரிவே உண்டு.

காலந்தாழ்த்துவது ஆபத்து. சிகிச்சை பெறாதவருள் பத்துக்கு மூவர் அளவில் மூளைக்குள் இரத்தக்கசிவு நேர்கிறது. பெண்களுக்குக் கருச்சிதைவு மீண்டும் மீண்டும் நேரலாம்.

ஆயினும் ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. உடலில் செலுத்தப்படும் எட்டாம் காரணி அரை நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும்; பதின்மூன்றாம் காரணியோ வாரக்கணக்கில் தங்கும். எனவே, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் செலுத்தினாலே பெரும்பாலும் போதும். செறிவூட்டிய மருந்து கிடைக்காத இடத்தில் இரத்த வங்கியின் பிளாஸ்மாவோ, அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோபிரெசிபிடேட்டோ உதவும். வடகவுஞ்சி போன்ற மலையூர்க் குடும்பம் ஒன்று மாதம் ஒருமுறை தவறாமல் மலையிறங்கினால், அதன் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலப் பள்ளிக்குச் சென்று வளரலாம். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. நோயின் பெயர் எழுதிய மருத்துவச் சீட்டு எப்போதும் உடனிருக்கட்டும். தலையில் அடிபட்டால், வீக்கமோ வாந்தியோ வரட்டும் என்று காத்திராமல் உடனே புறப்படுங்கள்.

இந்நோய்க்குத் தாயின் குறையோ முன்னோர் சாபமோ காரணம் அன்று. தாய், தந்தை இருவரும் நலமாகவே இருந்துகொண்டு இக்குறையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். அப்போதும் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கும்போது அவ்வாய்ப்பு மிகுகிறது. தாய்மாமனை மணப்பதற்கும், மாமன் மகள், அத்தை மகனை மணப்பதற்கும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தடை விதித்துள்ளது. விதிவிலக்குக் கேட்டுப் பங்குக் குருவிடம் வரும் பெற்றோர், குடும்பத்தில் எந்தக் குழந்தையேனும் இரத்தம் நிற்காமல் இறந்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திருமணத்திற்கு முன்பே மருத்துவரிடமும் சொல்லுங்கள். குடும்ப மானம் கருதி மூடிவைக்கும் அச்செய்தி, நாளை பிறக்கவிருக்கும் பேரக்குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.