‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் முன்: நோயாளிகளும் குடும்பத்தாரும் குக்கீ பற்றி அறிய வேண்டியவை

மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததும் பலரும் முதலில் செய்வது, சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்ப்பதுதான். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. தம் நோயைப் பற்றி ஓரளவு அறிந்துகொண்டு வரும் நோயாளியோடு பேசுவதும் சிகிச்சையைத் திட்டமிடுவதும் எங்களுக்கு எளிது. ஆனால் அந்தத் தேடலுக்குப் பிறகு எழும் ஒரு கேள்வியை வியப்போடும், சில சமயம் அச்சத்தோடும் எங்களிடம் கேட்கிறார்கள்: “சர்க்கரை நோயைப் பற்றி நேற்றுத்தான் படித்தேன், இன்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்க்கரைக்கு மருந்து என்று விளம்பரம் வருகிறது. என் நோய் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?”

இக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி ‘குக்கீ’ எனப்படும் ஒரு சிறு குறிப்பில் அடங்கியிருக்கிறது. அதன் இயல்பையும், அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

குக்கீ என்பது யாது?

இணையதளத்துக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பிவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது கேட்பவர் அதே ஆள் என்பது அதற்குத் தெரியாது. 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்னும் பொறியாளர் இக்குறைக்கு ஒரு தீர்வு கண்டார். இணையக் கடையில் ஒருவர் கூடையில் போட்ட பொருள்களைத் தளம் மறந்துவிடாதிருக்க, ஒரு சிறு எழுத்துக் குறிப்பை அவருடைய உலாவியிலேயே சேமித்து வைப்பது, பிறகு ஒவ்வொரு முறையும் உலாவி அதைத் தளத்திடம் திருப்பிக் காட்டுவது என்பதே அத்தீர்வு. அக்குறிப்புக்குக் குக்கீ என்று பெயர் வந்தது.

மருத்துவமனைக்கு வருவோர்க்கு இது புதிதன்று. பதிவு முகப்பில் உங்களுக்கு ஓ.பி. சீட்டு ஒன்றைத் தருகிறோம். அதிலுள்ள எண்ணைக் காட்டினால் ஆய்வகமும் மருந்தகமும் உங்களை அடையாளம் கண்டுகொள்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் பெயரும் ஊரும் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் திறந்த தளமே தரும் குக்கீயும் இத்தகையதுதான். பரிசோதனை முடிவைப் பார்க்க உள்நுழைந்த நிலையைக் காப்பதும், தமிழ்ப் பக்கம் வேண்டும் என்ற உங்கள் தேர்வை நினைவில் வைப்பதும் இதுவே. இதனை முதல் தரப்புக் குக்கீ என்பர். இதனால் பெரும்பாலும் நன்மையே.

மூன்றாம் தரப்பு எங்கே நுழைகிறது?

இப்போது வேறொன்றை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஓர் ஆள் ஆய்வகத்திலும் மருந்தகத்திலும் வெளியே தேநீர்க் கடையிலும் நின்றுகொண்டு, உங்கள் கையில் தனியாக ஒரு சீட்டை ஒட்டி, நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று குறித்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் தரப்புக் குக்கீ செய்யும் வேலை இதுதான்.

நீங்கள் படிக்கும் உடல்நலக் கட்டுரையின் பக்கத்தில் விளம்பர நிறுவனம் ஒன்றின் சிறு நிரல் பதிந்திருக்கும். பக்கம் திறக்கும்போதே உலாவி அந்நிறுவனத்தின் கணினியையும் தொடர்புகொள்கிறது. எந்தத் தளத்திலிருந்து, பல வேளைகளில் எந்தப் பக்கத்திலிருந்து, அழைப்பு வந்தது என்பதும் அத்துடன் தெரிந்துவிடுகிறது. அந்நிறுவனம் உங்கள் உலாவிக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அதே நிறுவனத்தின் நிரல் செய்தித் தளத்திலும் சமையல் குறிப்புத் தளத்திலும் இருந்தால், அங்கெல்லாம் அதே எண்ணைக் கண்டு, ‘சர்க்கரை நோய் பற்றிப் படித்தவர் இவர்’ என்று சேர்த்துக்கொள்ள அதனால் முடியும். உங்கள் பெயர் அதற்குத் தெரியாமலேயே இருக்கலாம். விளம்பரம் காட்ட எண் ஒன்றே போதும்.

நோயாளிக்கு இதனால் என்ன இழப்பு?

செருப்பு வாங்கத் தேடியவருக்குச் செருப்பு விளம்பரம் வந்தால் எரிச்சல் மட்டுமே. நோயைத் தேடியவரின் நிலை வேறு.

முதலாவது, மறைவு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய இடங்களில் பணிபுரியும் இளைஞர்களும் இளம்பெண்களும் பலர் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு வளாகம் ஒன்றே 18,720 பெண்கள் தங்கக்கூடியது. ஒருவர் கைபேசியில் இன்னொருவர் படம் பார்ப்பதும், வீட்டுக்குப் பேசுவதும் அங்கே வழக்கம். மாதவிடாய்க் கோளாறு, குழந்தைப்பேறு, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றுள் ஒன்றைத் தனிமையில் தேடிய பெண்ணின் கைபேசியில் அறைத்தோழி காணொளி பார்க்கும்போது விளம்பரமாக வந்து நிற்பது அவள் யாரிடமும் சொல்லாத செய்தியாக இருக்கக்கூடும்.

குடும்பங்களிலும் இது நேரலாம். தந்தைக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் யோசித்துக் கொண்டிருக்கையில், அவருடைய கைபேசியிலேயே அதைத் தேடினால் விளம்பரம் முந்திக்கொண்டு சொல்லிவிடும். கருச்சிதைவுக்குப் பின்னும் குழந்தைத் துணிகளின் விளம்பரம் தொடர்ந்து வருவது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஏமாற்று. நோயுற்றவரின் அச்சத்தை நோக்கியே ‘சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் சூரணம்’ போன்ற விளம்பரங்கள் குறிவைக்கப்படுகின்றன. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் இணையத்தில் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இவை வெறும் ஐயங்கள் அல்ல. பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி நாடுகளில் மனச்சோர்வு பற்றிய 136 இணையப் பக்கங்களை ஆராய்ந்து, 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மூன்றாம் தரப்பு நிரல்கள் இருந்ததைக் காட்டியது. அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் 100-இன் தளங்களைச் சோதித்த தி மார்க்கப் இதழ், 33 தளங்களில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல் இருந்ததாக 2022-இல் எழுதியது. பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட குட்ஆர்எக்ஸ் என்னும் மருந்துத் தள்ளுபடி நிறுவனம், 2023-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனித மறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழியே வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவர் தரும் இசைவு அவருடைய விருப்பப்படியும், விவரம் அறிந்தும், ஐயத்துக்கு இடமின்றியும் இருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் சாரம். இசைவு தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் அது தடுக்கிறது.

சட்டம் முழுமையாகக் கைகொடுக்கும் வரை, நம் கையில் இருப்பதை நாமே செய்துகொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. அறிவிப்புப் பட்டையைப் படியுங்கள். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது பெரிய பொத்தானாகவும், ‘மறுக்கிறேன்’ என்பது மங்கலாகவும் இருக்கும். மறுப்பை அல்லது ‘தேவையானவை மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரையைப் படிப்பதற்குப் பெரும்பாலும் இதனால் எந்தத் தடையும் வராது.

2. மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியின் குரோம் உலாவியில் மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்டு பார்ட்டி குக்கீஸ் என்று சென்று, அடைக்கும் தேர்வைக் குறியுங்கள். ஐபோனின் சஃபாரி 2020 முதல் இவற்றைத் தானாகவே அடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறது.

3. பழைய குக்கீகளை அழியுங்கள். குரோமில் ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’ என்ற பகுதியில் இதைச் செய்யலாம். அழித்தபின் தளங்களில் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும். எனவே பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பிறருடைய கைபேசியில் தேட நேர்ந்தால் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து தேடுங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள். அதில் சேர்ந்த குக்கீகள் மூடியவுடன் அழிந்துபோகும்.

5. பரிசோதனை முடிவையோ காப்பீட்டுக் கணக்கையோ பொதுக் கணினியில் பார்த்தால், பக்கத்தை மூடுவதோடு நிறுத்தாமல் ‘வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். உள்நுழைந்த குக்கீ அங்கேயே இருந்தால் அடுத்து அமர்பவர் உங்கள் பெயரிலேயே தொடரலாம்.

6. கூகுள் கணக்கின் ‘மை ஆட் சென்டர்’ பகுதியில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு, உடல் எடைக் குறைப்பு ஆகிய பொருள்களில் விளம்பரம் குறைவாக வேண்டும் என்று குறிக்கலாம். இழப்புக்குள்ளான குடும்பத்தினருக்கு இதை உறவினர் ஒருவர் செய்து கொடுத்தால் நல்லது.

7. ‘அலவ் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று கேட்கும் பெட்டியைக் குக்கீ அறிவிப்பு என்று எண்ணி அழுத்திவிடாதீர்கள். அது வேறு, அனுமதித்தால் போலி மருந்து விளம்பரங்கள் செய்திபோலத் திரையில் வந்து விழக்கூடும்.

இவற்றின் எல்லை

குக்கீயை அடைப்பதால் எல்லாம் மறைந்துவிடாது. மறைநிலைச் சாளரம் உங்கள் கைபேசியில் தடத்தை விடாதே தவிர, விடுதியின் வைஃபையை நடத்துபவரோ நிறுவனத்தின் வலையமைப்போ நீங்கள் சென்ற தளத்தின் பெயரை அறிய முடியும். ஆகவே அந்தரங்கமான நோயைத் தேடும்போது நிறுவன இணைப்பை விட்டு, உங்கள் சொந்த இணைய இணைப்பைப் பயன்படுத்துங்கள். கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி தேடினால் அக்கணக்கின் வரலாற்றிலும் அது பதியக்கூடும். செயலிகள் குக்கீக்குப் பதிலாக விளம்பர அடையாள எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளின் விளம்பரப் பகுதியில் அதை அழித்துவிடலாம். ஐபோனில் ‘டிராக்கிங்’ பகுதியில் செயலிகளின் அனுமதியை மறுக்கலாம்.

மறுபுறம், தேவையற்ற அச்சமும் வேண்டாம். குக்கீ என்பது எழுத்துக் குறிப்பு மட்டுமே. அது வைரஸ் அல்ல. ஒரு பட்டையில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டதனால் மட்டும் வங்கிப் பணம் போய்விடாது. கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ யாரேனும் கேட்டுப் பணம் இழந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இந்த அச்சத்தால் நோயைப் பற்றிப் படிப்பதை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதே எங்கள் விருப்பம். படித்ததில் ஐயம் இருந்தாலோ, விளம்பரத்தில் கண்ட மருந்தை வாங்க மனம் தூண்டினாலோ, அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைத் திரையில் பிடித்துக்கொண்டு வாருங்கள். இப்போது உட்கொள்ளும் மருந்தை அதுவரை நிறுத்த வேண்டாம்.